லட்சுமிநாராயணனின் தூக்கம்

லட்சுமிநாராயணனுக்குக் காது கேட்காது என்பது வண்டியூர் தெப்பக்குளத்துக்கு மேற்கே உள்ள தெருக்களுக்கெல்லாம் தெரியும். அவர் மட்டும் அதை ஒப்புக்கொண்டதில்லை. அவர் ஒப்புக்கொள்ளாததைத் தெருவும் மதித்து நடந்தது. எதிரே வந்து நின்று, முகத்தைக் காட்டி, வாயை நன்றாகத் திறந்து பேசினார்கள். அவரும் பதில் சொன்னார். பின்னாலிருந்து கூப்பிட்டவர்களுக்கு மட்டும் பதில் இல்லை. அவருக்குக் கர்வம் என்று புதிதாகக் குடிவந்தவர்கள் சொல்லிக்கொண்டார்கள்.

முப்பது வருடம் மாவு மில் ஓட்டியவர். கீழே மில், மேலே வீடு. மில்லுக்குள் யாரும் பேசுவதில்லை, பேசினாலும் கேட்காது. டின்னை இறக்கி வைத்துவிட்டுக் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் சேர்த்துத் தேய்த்துக் காட்டினால் இடியாப்பத்துக்கு நைஸ் மாவு. உள்ளங்கையைக் குலுக்கினால் ரவைப் பதம். கையைக் குறுக்கே வீசினால் சற்றுமுன் மிளகாய் அரைத்த கல்லில் போடாதே என்று அர்த்தம். வாயும் விரலும் அசைவதைப் பார்த்துப் பார்த்தே அவர் வேலை செய்தார். காது எந்த வருடம் விடைபெற்றுக்கொண்டது என்பதை அவர் கவனிக்கவில்லை. மில்லை மூடி, மிஷினைக் கழற்றிக் கொடுத்து, அந்த இடத்தை செல்போன் கடைக்கு வாடகைக்கு விட்டபோது ஊரே சட்டென்று அமைதியாகிவிட்டதாக அவர் நினைத்தார். அது அவருக்குப் பிடித்தும் இருந்தது.

ஒருமுறை மகள் ஸ்வர்ணா, காது டாக்டரிடம் போகலாமா என்று கேட்டாள். "எதுக்கு? உனக்கு வலிக்குதா?" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பின்பக்கம் மெயின் ரோட்டில் ஹோட்டல் நீலாம்பல் வந்தது. முதலில் அறைகள், பிறகு கீழே விசேஷ ஹால், பிறகு முதல் மாடியில் பப். பப்பின் பின்சுவரும் லட்சுமிநாராயணனின் படுக்கையறைச் சுவரும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்றன. இரவு ஒன்பதுக்கு மேல் சுவருக்கு அந்தப் பக்கம் டொம் டொம் என்று ஆரம்பிக்கும். அவருக்குப் பாட்டு கேட்கவில்லை. கட்டில் கால் வழியாக ஏறி, முதுகில் வந்து குத்தியது. எழுந்து உட்கார்ந்தால் தரை வழியாகப் பாதத்துக்கு வந்தது. ஜன்னலைத் திறந்து நாலு வார்த்தை சொல்லிவிட்டு வந்து படுப்பார். திரும்பவும் குத்தும். திரும்பவும் எழுந்து நாலு வார்த்தை.

அவர் மனைவி சூடாமணி ஒரு வருடம் பொறுத்தாள். வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். கோபம் வந்தால் மட்டும் அவளுக்குத் தமிழ்தான் வரும். ஒரு நாள் காலையில் காபியை வைத்துவிட்டு அவர் எதிரே உட்கார்ந்து தமிழில் ஆரம்பித்தாள்.

"இந்த வருஷமும் அவனுக்கு லைசென்ஸ் குடுத்தாங்கன்னா நான் பசுமலைக்குப் போறேன். ஸ்வர்ணா வீட்டுல ஒரு ரூம்பு சும்மாதான் கிடக்கு. நீங்க வாரதுன்னா வாங்க. இல்ல, இங்கயே சுவத்தோட சண்டை போட்டுக்கிட்டுக் கிடங்க. எனக்குத் தூங்கணும்."

சொன்னதோடு நிற்காமல் ஒரு பையில் நாலு சேலையை மடித்து வைத்துக் கதவுக்குப் பின்னால் நிறுத்தினாள். லட்சுமிநாராயணன் தினமும் அந்தப் பையைப் பார்த்தார். மாப்பிள்ளை வீட்டில் போய் உட்கார்வது என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். போன பொங்கலுக்கு இரண்டு நாள் இருந்திருக்கிறார். மாப்பிள்ளை செல்போனை முகத்துக்கு நேரே பிடித்தபடி ஏதோ கேட்பான். என்ன கேட்டான் என்று தெரியாமல் இவர் சிரித்து வைப்பார். காலம் முழுக்க அப்படிச் சிரித்துக்கொண்டிருக்க அவரால் ஆகாது.

எனவே அலைந்தார். போலீஸ் ஸ்டேஷனில், பார் சம்பந்தப்பட்டது கலால் ஆபீஸ் என்றார்கள். கலால் ஆபீஸில், சத்தம் சம்பந்தப்பட்டது மாசுக் கட்டுப்பாடு என்றார்கள். மாசுக் கட்டுப்பாட்டில், ராத்திரி நேரத்து இரைச்சல் என்றால் போலீஸ்தான் என்றார்கள். இப்படி ஒரு சுற்று முடிந்ததும் அதே வரிசையில் இன்னொரு சுற்று போனார். திங்கட்கிழமைகளில் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் நின்றார். ஒருவழியாக ஒரு அலுவலர் மீட்டரோடு வந்தார். சாயங்காலம் ஆறு மணிக்கு வந்தார். பப்பில் அப்போது இரண்டு பேர் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார்கள். அளவு வரம்புக்குள் இருப்பதாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

உரிமத்தைப் புதுப்பிக்கும் நேரம் வந்தபோதுதான் அதிர்ஷ்டம் திரும்பியது. கலால் ஆபீஸுக்குப் புதிதாக வந்திருந்த அதிகாரி முத்துமீனா, ஆட்சேபம் இருப்பவர்கள் நேரில் வந்து சொல்லலாம் என்று கடிதம் அனுப்பினார். லட்சுமிநாராயணன் மனு எழுதினார். தெருவே கையெழுத்துப் போட்டது. வீட்டுக்கு ஒரு கையெழுத்து போதும் என்று தன் வீட்டுக்கு அவர் மட்டும் போட்டார். பக்கத்து வீட்டுக் காசிமாயன், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், அவரே வீடு வீடாகப் போய் வாங்கித் தந்தார். "விடப்படாதுண்ணே. ஒரு வேன் பிடிச்சு எல்லாரும் போயி நிப்போம்" என்றார்.

விசாரணை நாள் காலையில் வேன் வரவில்லை. காசிமாயன் வந்தார். வெள்ளை வேட்டி, கையில் பத்திரிகைக் கட்டு, கூடவே ஒரு மஞ்சள் பை.

"அண்ணே, தப்பா எடுத்துக்கிறாதீக. பேத்திக்குச் சடங்கு வச்சிருக்கோம்ல. மண்டபம் தேடி அலைஞ்சு நாக்குத் தள்ளிப்போச்சு. கடைசில அந்த நீலாம்பல்காரன் கீழ ஹால சும்மா தாரேன்னுட்டான். ஏசி ஹாலுண்ணே. அவன்கிட்ட ஹாலையும் வாங்கிக்கிட்டு அவனுக்கு எதிரா போயி நின்னா நல்லாவா இருக்கும்?"

"கையெழுத்துப் போட்டீங்கள்ல?"

"கையெழுத்து எங்கண்ணே ஓடிப்போகுது? அது அங்கனதான் இருக்கும். ஆளு வராட்டி என்ன?"

சூடாமணிக்குத் தாங்கவில்லை. "போன வாரம், மண்டையப் பொளக்குது மதினின்னு தலையில துண்டைக் கட்டிக்கிட்டு வந்து நின்னது யாரு?"

"மண்டை இப்பவும் பொளக்கத்தான் செய்யுது மதினி. சடங்கு முடியட்டும்."

"மத்தவங்க எங்க?"

"அவுகளுக்கும் பத்திரிகை வச்சாச்சுல்ல. நாளைக்கு அதே ஹால்ல வந்து உக்காந்து சாப்பிடணும். அவுக மட்டும் எப்படி வருவாக?" காசிமாயன் வெற்றிலை பாக்கோடு ஒரு பத்திரிகையை நீட்டினார். "நீங்களும் அவசியம் வந்துரணும். கோவத்துல வராம இருந்துறாதீக."

லட்சுமிநாராயணன் பத்திரிகையை வாங்கிக்கொண்டார். வாங்காமல் இருக்க முடியாது.

கலால் ஆபீஸ் வராந்தாவில் ஒரு பெஞ்சு. மனுவில் கையெழுத்துப் போட்டவர்கள் மட்டும் உள்ளே வரலாம் என்று உதவியாளர் சொன்னதால் சூடாமணி அதில் உட்கார்ந்துவிட்டாள். அவர் ஏதாவது சமாளிக்க முடியாமல் போனால் முழங்கையால் இடிப்பது என்று வழியில் மனதுக்குள் திட்டம் போட்டிருந்தாள். அதற்கு வழியில்லை.

உள்ளே முத்துமீனா ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தார். மேஜைக்கு அந்தப் பக்கம் ஹோட்டல் மேனேஜர் ஜெயந்த், இறுக்கமான சட்டை, காதில் சின்ன வளையம். அவன் பக்கத்தில் வக்கீல். வக்கீலைப் பார்த்ததும் லட்சுமிநாராயணனுக்கு முகம் மலர்ந்தது. ராஜகுரு. சொந்தத்தில் ஒரு முறையில் மருமகன். சின்ன வயதில் கோதுமை டின்னைத் தலையில் வைத்துக்கொண்டு மில்லுக்கு வருவான். விரலைத் தேய்த்துக் காட்டுவான்.

"நல்லா இருக்கீங்களா மாமா?" ராஜகுரு எழுந்து நின்று கும்பிட்டான்.

நம்ம பையன், பார்த்துப் பேசுவான் என்று லட்சுமிநாராயணன் நினைத்தார். அவர் செய்த தப்பு அதுதான்.

முத்துமீனா குனிந்தபடியே ஏதோ கேட்டார். நிமிர்ந்து இரண்டாவது முறை கேட்டபோது லட்சுமிநாராயணனுக்குப் புரிந்தது. "தெருவே கையெழுத்துப் போட்டிருக்கு. ஆளு நீங்க ஒருத்தர்தானா?"

"எல்லாருக்கும் ஒரு விசேஷம்."

"எல்லாருக்குமா?"

"ஒரே விசேஷம்."

முத்துமீனா பெருமூச்சு விட்டார். ராஜகுரு, மனுதாரரிடம் ஒன்றிரண்டு கேள்வி கேட்கலாமா என்று அனுமதி வாங்கினான். கையிலிருந்த ஃபைலைப் படிப்பதுபோல் முகத்துக்கு நேரே தூக்கினான். வாய் மறைந்தது.

"மாமா, உங்க தெருவுக்கு எந்த பஸ் வரும்?"

ஃபைலுக்கு மேலே தெரிந்த கண்களை லட்சுமிநாராயணன் பார்த்தார். கேள்வி கேட்கப்பட்டுவிட்டது என்பது தெரிந்தது. வேறு என்ன கேட்டிருக்கப் போகிறான்?

"ராத்திரி பன்னெண்டு வரைக்கும். சில நாள் அதுக்கு மேலயும்."

முத்துமீனாவின் பேனா நின்றது.

"உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க மாமா?"

"சனி ஞாயிறு ரொம்ப மோசம். அன்னைக்கெல்லாம் கூட்டம் ஜாஸ்தி."

ஜெயந்த் சிரித்துவிட்டு, கர்சீஃப்பை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டான். ராஜகுரு ஃபைலை இறக்கினான். அவன் சிரிக்கவில்லை.

"மாமாவைக் குத்தம் சொல்லலை மேடம். இவர் மில்லுல அரைச்ச மாவுலதான் நாங்கள்லாம் வளர்ந்தோம். ஆனா இவருக்குக் காது கேக்காது. காது கேக்காத ஒருத்தர், சத்தம் தாங்கலைன்னு மனு குடுத்திருக்கார். நாங்க என்ன பதில் சொல்றது?"

காது கேக்காது. அந்த வார்த்தைகள் எந்த உதட்டிலும் தன்னைப் பார்த்து அசைந்து அவர் கண்டதில்லை. முப்பது வருடம் உதடுகளைப் பார்த்தவர். இந்த இரண்டு வார்த்தைகளைச் சொல்லும்போது மட்டும் எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"எனக்குக் கேக்குது" என்றார்.

காலைத் தரையில் தட்டிக் காட்டினார்.

"கட்டில்ல கேக்குது. தரையில கால வச்சா கால்ல கேக்குது. நான் என்ன பொய்யா சொல்றேன்? இந்த வயசுல கலெக்டர் ஆபீசுக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் அலையுறதுக்கு எனக்கு என்ன கிறுக்கா?"

"ஐயா, உக்காருங்க." முத்துமீனா கையால் காட்டினார். "நீங்க பொய் சொல்றீங்கன்னு யாரும் சொல்லல. ஆனா விதியில காதுதான் இருக்கு. காலு இல்ல. மீட்டர்லயும் வரம்புக்குள்ளதான் இருக்கு. கேட்டேன்னு சொல்ல ஒரு ஆளு வேணும். வீட்டுல வேற யாரு இருக்கீங்க?"

உதவியாளர் போய் அழைத்ததும் சூடாமணி உள்ளே வந்தாள். வராந்தாவில் அவளுக்கு அவர் குரல் மட்டும்தான் கேட்டிருந்தது. மற்றதை அவர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். பிறகு ராஜகுருவைப் பார்த்தாள். அவன் ஃபைலைப் பார்த்தான்.

"அம்மா, உங்களுக்குக் காது நல்லாக் கேக்குமா?" என்று கேட்டார் முத்துமீனா.

"நல்லாக் கேக்கும். அதான் பிரச்சனையே."

"ராத்திரி இவங்க ஹோட்டல் பாட்டுச் சத்தத்துல உங்க தூக்கம் கெடுதா?"

சூடாமணி உடனே ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். லட்சுமிநாராயணன் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாட்டுல கெடலை" என்றாள்.

ஜெயந்த் நாற்காலியில் சாய்ந்தான்.

"பாட்டு எனக்குப் பழகிப்போச்சு மேடம். மில்லுக்கு மேலயே குடியிருந்தவ நான். இவரு சத்தத்துலதான் முழிக்கிறேன். டொம்மு டொம்முன்னு கட்டில் அதிரும். இவரு எந்திரிச்சிருவாரு. ஜன்னலைத் தொறந்து கத்துவாரு. அவருக்கு அது மெதுவாப் பேசுற மாதிரி. தெருவுல லைட்டெல்லாம் எரியும். நாய் பூராவும் குலைக்கும். அம்புட்டுப் பேரும் முழிச்சதுக்கப்புறம் இவரு வந்து படுத்துக்குவாரு. பத்து நிமிஷத்துல திரும்ப அதிரும்."

நாலு வார்த்தை, என்று சொல்ல லட்சுமிநாராயணன் வாயெடுத்தார்.

ராஜகுரு எழுந்தான். "மேடம், அப்ப இரைச்சல் யாரோடதுன்னு..."

"இருப்பா ராஜகுரு. டின்னுல இருக்குற கோதுமையில பாதியை வழியிலேயே தின்னுட்டு, மாமா மாவு குறைச்சுட்டாருன்னு உங்கம்மாகிட்ட சொல்லுவியே, அப்ப நான் குறுக்க பேசுனேனா? நான் இன்னும் முடிக்கல." அவள் முத்துமீனா பக்கம் திரும்பினாள். "இவருக்குக் காது கேக்காது. ஆமா. போன மழையில எதுத்த வீட்டு வேப்பமரம் எங்க மாடியில சாஞ்சது. ஊரே கூடிருச்சு. இவரு புரண்டுகூடப் படுக்கல. காலையில எந்திரிச்சு, ஜன்னல்ல என்ன இலையா இருக்குன்னு கேட்டாரு. அப்பேர்ப்பட்ட மனுசனை அந்த டொம்மு எழுப்பி உக்கார வைக்குது. காது கேக்குற நான் என்ன சாட்சி சொல்லணும்? கேக்காத இவரை விட உங்களுக்கு என்ன சாட்சி வேணும்?"

முத்துமீனா ஜெயந்தைப் பார்த்தார்.

"பெரிய ஸ்பீக்கர் எங்க வச்சிருக்கீங்க?"

"பின்சுவத்தோரம் மேடம்."

"தரையிலயா?"

"தரையில வச்சாத்தான் மேடம் எஃபெக்ட் நல்லா இருக்கும்."

"எஃபெக்ட் நல்லாத்தான் இருக்கு" என்றார் முத்துமீனா.

ஸ்பீக்கரைச் சுவரிலிருந்தும் தரையிலிருந்தும் எடுத்து முன்பக்கம் மாட்ட வேண்டும். உரிமத்தைப் புதுப்பிக்கும் முடிவு இரண்டு வாரம் தள்ளி வைக்கப்படும்; அதுவரை பப் எப்போதும்போல் நடக்கலாம். மனுதாரர் வழக்கம்போல் தன் கட்டிலில் படுத்து, தூக்கம் கலைகிறதா இல்லையா என்று வந்து சொல்ல வேண்டும். கலைந்தால் புதுப்பிக்க மாட்டேன் என்றார். ராஜகுரு, மீட்டர் இருக்கும்போது ஒருவருடைய தூக்கத்தை எப்படி அளவாக எடுத்துக்கொள்ள முடியும் என்று கேட்டான். "மீட்டர் கட்டில்ல படுக்காதுல்ல சார்" என்றார் முத்துமீனா.

திரும்பும் பஸ்ஸில் லட்சுமிநாராயணன் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். கோரிப்பாளையம் தாண்டியதும் திரும்பினார்.

"செவிடன்னு சொல்லிட்டேல்ல."

"செவிடன்னு சொல்லல. காது கேக்காதுன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"கத்தாதீங்க. பஸ்ஸே பாக்குது."

"நான் எங்க கத்துறேன்?"

சொல்லிவிட்டுச் சுற்றிப் பார்த்தார். எல்லோரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டிரைவர்கூடக் கண்ணாடியில் பார்த்தார். தான் பேசும்போது ஜனங்கள் திரும்பிப் பார்ப்பதை மரியாதை என்றே அவர் இத்தனை வருடம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"இப்ப?" என்றார் கொஞ்சம் தணித்து.

"இப்பவும் கத்தல்தான்."

"இப்ப?"

"இன்னும் கொஞ்சம்."

அவர் உதட்டை மட்டும் அசைத்தார்.

"இப்ப எனக்கே கேக்கல" என்றாள் சூடாமணி.

அந்த இரண்டு வாரத்தைப் போல ஒரு தொல்லையை அவர் பட்டதில்லை. ஒன்பது மணிக்கே படுத்துக்கொண்டார். அரசாங்கம் தூங்கச் சொல்லியிருக்கிறது. இடது உள்ளங்கையைக் கட்டில் சட்டத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அதிரவில்லை. இனிமேல் அதிரும் என்று காத்திருந்தார். தரையில் காலை வைத்துப் பார்த்தார். சுவரில் கன்னத்தை வைத்துப் பார்த்தார். ஒன்றுமில்லை. ஒன்றும் இல்லாதது அவருக்கு அதிரும்போது வந்ததைவிட எரிச்சலாக வந்தது. ஜன்னலைத் திறந்து சொல்வதற்கும் எதுவும் இல்லை. பக்கத்தில் சூடாமணி வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். பகலில் அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடி கண் அயர்ந்தார். காசிமாயன் பேத்தியின் சடங்குக்குப் போய் ஏசி ஹாலில் இலை போடும் முன்பே தூங்கிவிட்டார். அங்கே ஆள் உயர ஸ்பீக்கர் அலறியதாகச் சூடாமணி பிறகு சொன்னாள்.

கதவுக்குப் பின்னால் பை அப்படியே இருந்தது.

மறுபடி கலால் ஆபீஸ். இந்த முறை சூடாமணியையும் உள்ளே உட்கார வைத்தார்கள். முத்துமீனா அவர் முகத்துக்கு நேராகத் திரும்பி நிதானமாகக் கேட்டார்.

"ரெண்டு வாரமா எப்படி இருந்துச்சு ஐயா? தூக்கம் கலைஞ்சுதா?"

பொய் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. "தூங்குனாத்தானே மேடம் கலையுறதுக்கு."

ஜெயந்த் நிமிர்ந்தான். முத்துமீனாவுக்கு முகம் சுருங்கியது.

"ஏன்? அதிர்வு வந்துச்சா?"

"வரல."

"ஒரு நாள்கூடவா?"

"ஒரு நாள்கூட வரல."

"பின்ன ஏன் தூங்கல?"

"எப்ப வரும்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

முத்துமீனா பேனாவை மூடி நெற்றியில் வைத்துக்கொண்டார். இந்த ஃபைலை எடுத்த நாளை அவர் நொந்துகொண்டிருக்க வேண்டும். பிறகு சூடாமணி பக்கம் திரும்பினார்.

"நீங்க தூங்குனீங்களாம்மா?"

"படுத்தாக் காலையிலதான் மேடம் எந்திரிக்கிறேன். ஒரு வருஷத் தூக்கம்."

"ஐயா ஜன்னலைத் தொறந்து..."

"தொறக்கவே இல்ல. நாய்கூடக் குலைக்கல."

முத்துமீனா எழுதினார். ஸ்பீக்கர் மறுபடியும் அந்தச் சுவர்ப் பக்கம் வந்தால் உரிமம் ரத்து என்ற நிபந்தனையோடு புதுப்பித்துக் கையெழுத்துப் போட்டு ஃபைலைத் தள்ளி வைத்தார். ஜெயந்த் நன்றி சொன்னான். ராஜகுரு வந்து, "வாரேன் மாமா" என்று வாயை நன்றாகத் திறந்து சொன்னான். லட்சுமிநாராயணன் தலையை மட்டும் ஆட்டினார்.

வெளியே வெயில் கொளுத்தியது. பஸ் நிறுத்தத்தில் சூடாமணி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றாள்.

"அவனுக்கு லைசென்ஸ் குடுத்துட்டாங்கல்ல?" என்றார்.

"குடுத்தாச்சு."

"லைசென்ஸ் குடுத்தா பசுமலைக்குப் போறேன்னியே."

"எதுக்கு? எனக்குத் தூக்கம் வருது. அங்க போனா மாப்பிள்ளை குறட்டை."

அவர் ரோட்டை எட்டிப் பார்த்தார். பஸ் எதுவும் வரவில்லை.

"நான் தூங்கலைன்னு சொன்னேன்ல. அதை அந்தம்மா எழுதிக்கவே இல்லையே."

சூடாமணி அவர் முன்னால் வந்து நின்று, அவருக்குப் புரியும்படி ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

"அது கலால்ல வராது."